அதிகாரிக்கு ஓர் அழைப்பிதழ்

அந்த வருஷம் நவம்பர் மாதத்துக்குள் ஆன்லின் நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதியிருந்தாள். ஒன்றுகூடத் தபாலில் போகவில்லை. எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி. குப்பை அள்ளாததைப் பற்றி நகராட்சிக்கு ஒன்று, ஒலிபெருக்கித் தொல்லை பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒன்று, கிழிந்த பக்கங்களோடு புத்தகம் அனுப்பிய கம்பெனிக்கு ஒன்று. கைடு புத்தகத்தில் கடிதம் எழுதுகிறவர் பெயர் எப்போதும் ஏ.பி.சி. அவர் குடியிருக்கும் ஊர் எக்ஸ்.ஒய்.இசட். அந்த ஏ.பி.சி.க்கு மட்டும் எப்படி இத்தனை கஷ்டம் வருகிறது என்று ஆன்லினுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இருநூறு பக்க நோட்டு ஒன்றை ஐந்தாகப் பிரித்து வைத்திருந்தாள். நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம், ரிப்போர்ட், கட்டுரை. தினமும் ஏதாவது ஒன்று எழுதுவாள். வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆங்கில ஆசிரியை மங்கையர்க்கரசி மிஸ் அவள் நோட்டைத்தான் எடுத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது ஆன்லின் தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கத்தினால் அல்ல, சிரிப்பு தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.

பக்கத்தில் உட்காருகிறவள் இளவேனில். காரைக்காலை அடுத்த நெடுங்காட்டுப் பக்கம் வீடு, அப்பாவுக்கு நெல் விவசாயம். அவளும் தினம் எழுதுவாள். ஆன்லின் மூன்று வரியில் எழுதுவதை அவள் அரை வரியில் முடித்துவிடுவாள். இலக்கணத்தில் ஒரு பிழை பிடிக்க முடியாது. இரண்டு பேரும் நோட்டை மாற்றிப் பச்சை பேனாவால் திருத்திக்கொள்வார்கள். "உன் கடிதம் எலும்பும் தோலுமா இருக்குடி" என்பாள் ஆன்லின். "உன்னோடது கல்யாண மேளம்" என்பாள் இளவேனில்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை இளவேனில் முதல் பீரியட் பாதி முடிந்த பிறகு தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. ஆபீஸில் லேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"எட்டு மணி பஸ் நிக்கல. அடுத்த பஸ் எட்டரைக்குத்தான்."

அவளுடைய ஸ்டாப்பிங் வாய்க்கால் பாலம். ஏழு ஐம்பதுக்கு அங்கே வரவேண்டிய தனியார் பஸ்ஸுக்கு ஊரில் எட்டு மணி பஸ் என்றுதான் பேர். அது பாதி நாள் நிற்காமல் போய்விடும். அதில் ஏறினால்தான் எட்டே முக்கால் பிரேயருக்கு வந்து சேர முடியும். இதையெல்லாம் இளவேனில் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். குறை சொல்லும் குரலே இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

ஆன்லினுக்குத்தான் கோபம் வந்தது. "நான் எழுதறேன். இந்தத் தடவை நிஜமா அனுப்பப் போறேன்."

அன்று சாயங்காலமே எழுதினாள். போக்குவரத்து அதிகாரிக்கு, ஆங்கிலத்தில். அந்த அலுவலகத்தில் எல்லாக் காகிதமும் ஆங்கிலத்தில்தான் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். கடிதம் ஒரே மூச்சில் வந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் தினந்தோறும் நடுத்தெருவில் கைவிடப்படுகிறார்கள். ஒரு நாள்கூட அந்தப் பஸ் நிற்பதில்லை. ஓட்டுநர் ஈவிரக்கமில்லாமல், கண்மூடித்தனமாக வண்டியை ஓட்டுகிறார். நாளைய இந்தியாவின் எதிர்காலம் வாய்க்கால் பாலத்தில் மழையில் நனைகிறது.

மறுநாள் இளவேனில் வாசித்துவிட்டுப் பச்சை பேனாவை எடுத்தாள்.

"நூத்துக்கணக்குன்னு எழுதியிருக்க. நாங்க பதினோரு பேர்தான்."

"பதினொண்ணுன்னு எழுதினா யாருடி மதிப்பா?"

"சில நாள் நிக்கும். ஒரு நாள்கூட இல்லைன்னு சொல்ல முடியாது."

"இது கம்ப்ளெயின்ட் லெட்டர். வலுவா இருக்கணும்."

இளவேனில் பேனாவை மூடிவிட்டாள். எழுதத் தெரிந்தவள் ஆன்லின்தான் என்று அவளுக்கும் ஓர் எண்ணம் இருந்தது. எதிர்வீட்டு ஸ்டெஃபான் அங்கிளிடம் பிரிண்டர் உண்டு. பிரான்ஸ் அரசிடமிருந்து வரும் பென்ஷனுக்கான காகிதங்களுக்காக வாங்கிப் போட்டது. அதில் இரண்டு பிரதி எடுத்து, அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள் ஆன்லின். முத்திரையை வகுப்பு முழுக்கக் காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட முகவரிக்குப் பதில் வந்தது. மங்கையர்க்கரசி மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். ஐந்து வரிதான். சம்பந்தப்பட்ட நிறுத்தத்தில் ஆய்வு நடத்தப்பட்டது. பதினோரு மாணவர்கள் இருந்தனர். பஸ் நின்று அனைவரையும் ஏற்றிக்கொண்டது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் என்பதும், ஒரு நாளும் நிற்பதில்லை என்பதும் உண்மைக்குப் புறம்பானவை. புகார் முடித்துவைக்கப்படுகிறது.

"ஆய்வுக்கு ஆள் வந்து நின்னா பஸ் நிக்காம போகுமா மிஸ்?" என்றாள் ஆன்லின்.

"போகாதுதான். ஆனா அவங்க எழுதியிருக்கறதுல ஒரு வரி தப்புன்னு உன்னால சொல்ல முடியுமா?"

ஆன்லின் பதிலை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. அவள் அப்பா ஆரோக்கியஜோசப் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். வழக்கமாக வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வருவார். அன்று பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எட்டு மணி பஸ்ஸைப் பத்தி எழுதிப் போட்டது நீதானாம்மா?"

"ஆமாப்பா."

"அதை ஓட்டற கைலாசநாதன் அண்ணன்கிட்ட விளக்கம் கேட்டு எழுதியிருக்காங்க. கண்மூடித்தனமா ஓட்டறாருன்னு புகார்னு. என்கிட்ட வந்து காட்டினாரு. உன் பேரைப் பாத்துட்டு, 'உன் பொண்ணாப்பா'ன்னு கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல. இருபத்திரண்டு வருஷமா ஓட்டறாரு. ஒருத்தர் மேல இடிச்சதில்ல." அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "அவரு ஓட்டி நீ பாத்திருக்கியா?"

"இல்லப்பா."

"அந்தப் பாலத்தையாவது பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. நெடுங்காட்டுப் பக்கம் அவள் கடைசியாகப் போனது எட்டாம் வகுப்பில், ஒரு சடங்குக்கு. அப்பா திட்டியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பாள். அவர் எழுந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஆன்லினுக்கு முகம் எரிந்தது. அழவில்லை. நோட்டை எடுத்து அந்தக் கடிதத்தைத் தானே பச்சை பேனாவால் திருத்திப் பார்த்தாள். தெரியாததை எல்லாம் அடித்த பிறகு மிஞ்சியது முகவரியும் கையெழுத்தும் இரண்டு வரியும்தான்.

மறுநாள் இளவேனிலிடம் பதிலைக் கொடுத்தாள். அவள் நிதானமாகப் படித்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்வாள் என ஆன்லின் காத்திருந்தாள். அவள் அதைச் சொல்லவில்லை.

"கடிதம் போச்சு. இப்ப ரிப்போர்ட் எழுதுவோம்" என்றாள்.

"எப்படி?"

"திங்கட்கிழமையிலேர்ந்து வெள்ளி வரைக்கும். எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை பேர் நின்னோம், எத்தனை பேர் ஏறினோம். அவ்வளவுதான்."

"நானும் வர்றேன்."

அப்பாவிடம் கேட்டபோது அவர் தயங்கவில்லை. "போ. ஆனா அந்த அண்ணன்கிட்ட ஒரு நாள் நேர்ல பேசிடணும்" என்றார். தினமும் காலை ஆறே முக்காலுக்கு அவரே ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். நெடுங்காட்டுக்குப் போகும் பஸ் பாதி காலியாக இருக்கும். ஜன்னல் இரண்டு பக்கமும் சம்பா வயல், தண்ணீர் கட்டி நின்றது. பாலத்தருகே இறங்கினால் இளவேனில் முன்பே அங்கே நிற்பாள், கையில் அட்டையும் பேனாவும்.

திங்கட்கிழமை பஸ் ஏழு ஐம்பத்து நான்குக்கு வந்தது. பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. எல்லோரும் ஓடினார்கள். ஆன்லின், இளவேனில் உட்பட நான்கு பேர் ஏறியதும் நகர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நிற்கவே இல்லை. எட்டரை பஸ்ஸில் போய், ஆன்லினும் வாழ்க்கையில் முதல் தடவையாக லேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமை பஸ் ஒழுங்காக நின்றது. பதினோரு பேரும் ஏறினார்கள், ஆன்லினும் ஏறினாள். ஏறிய பிறகு அவள் இளவேனிலின் காதருகே குனிந்தாள்.

"இன்னிக்கு நின்னதை எழுத வேண்டாம்டி. மறுபடியும் அதையே பிடிச்சுக்குவாங்க."

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு."

"அப்ப எழுதணும்." இளவேனில் எழுதினாள். அவள் குரல் அவ்வளவு உறுதியாக ஒலித்து ஆன்லின் கேட்டதே இல்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் அன்று முழுக்க யோசித்துப் பார்த்ததில், புதன்கிழமை மட்டும் ஏன் நின்றது என்ற கேள்வி எழுந்தது. அந்த நாளை விட்டுவிட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

வியாழக்கிழமை பஸ் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆன்லின் பாலத்தில் இறங்காமல் நெடுங்காடு கடைத்தெரு வரை போனாள். அங்கே எட்டு மணி பஸ்ஸில் ஏறி, முன்பக்கம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.

கைலாசநாதன் ஒல்லியான மனிதர். கழுத்தில் கைக்குட்டை. ஒரு தடவைகூட யார் பக்கமும் திரும்பாமல் ஓட்டினார். அவர் பார்ப்பதை எல்லாம் அவளும் பார்த்தாள். சாலை வளைந்தது. வளைவு முடிகிற இடத்தில் திடீரென்று பாலம், ஒரே ஒரு வண்டி போகிற அகலம். பாலம் முடிகிற இடத்தில் இளவேனிலும் மற்றவர்களும். எதிரே ஒரு டிராக்டர் பாலத்துக்காகக் காத்து நின்றது. அவர்களருகே நிறுத்தினால் பஸ்ஸின் பின்பாதி பாலத்தின் மேலேயே இருக்கும். பின்னால் வளைவில் வருகிற எதுவும் நிற்கும் வண்டியைக் கடைசி நொடியில்தான் பார்க்கும். கைலாசநாதன் ஹாரன் அடித்துக்கொண்டே பாலத்தைக் கடந்து, டிராக்டரை ஒதுங்கச் சொல்லி, தாண்டிப் போனார். இளவேனில் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் எழுதுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கும் வரை ஆன்லின் காத்திருந்தாள்.

"அண்ணே, நான் ஆரோக்கியஜோசப் பொண்ணு. அந்தக் கடிதம் நான்தான் எழுதினேன்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் பாப்பா. நாலு நாளா ஸ்டாப்பிங்ல பாத்தேன்."

"நீங்க ஓட்டறதைப் பாக்காமலேயே தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுடுங்க."

"நிறுத்தக் கூடாதுன்னு எனக்கு என்ன வேண்டுதலா? என் பொண்ணும் படிக்கிறவதான். எதிர்ல வண்டி இல்லாம, பின்னாடியும் யாரும் வரலைன்னா நிறுத்திடறேன். இருந்தா மனசைக் கல்லாக்கிட்டுப் போயிடறேன். தள்ளி நிறுத்தினா நீங்க ஓடி வர்றீங்க, அது இன்னும் பயமா இருக்கு." கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்த டீயை ஒரு மடக்கு குடித்தார். "பாலத்துக்கு நெடுங்காட்டுப் பக்கம், வளைவுக்கு முன்னாடியே, ரேஷன் கடை இருக்குல்ல? அங்க ரோடு அகலம். அங்கன்னா தினமும் நிறுத்தலாம். ஆனா அது ஸ்டாப்பிங் கிடையாது. செக்கிங் வந்தா எனக்கு மெமோ கொடுப்பாங்க."

"ஸ்டாப்பிங்கை மாத்தச் சொல்லிக் கேட்டா?"

"கேளுங்க. நீங்கதான் எழுதறவங்களாச்சே." சிரித்தார். பரவாயில்லை என்று சொல்லும் சிரிப்பாகத்தான் அது தெரிந்தது.

அன்று மதிய இடைவேளையில் இரண்டு பேரும் ரிப்போர்ட்டை எழுதினார்கள். ஐந்து நாள், ஐந்து வரி. பின்பு பாலத்தின் அகலம், வளைவு, ரேஷன் கடைக்கு உள்ள தூரம். இளவேனில் சொல்லச் சொல்ல ஆன்லின் எழுதினாள். "மிகவும் பரிதாபத்துக்குரிய" என்று ஓர் இடத்தில் அவள் பேனா தானாகவே போனது. இளவேனில் அந்த வரியைப் பார்த்தாள். ஆன்லின் தானே அடித்தாள். ஓர் இடத்தில் மட்டும் ஆன்லின் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுநர் நிற்காததற்கான காரணத்தை இளவேனில் ஒரே வரியில் முடித்திருந்தாள்.

"இது பத்தாதுடி. படிக்கிறவர் அந்த சீட்ல உக்காந்து பாக்கணும். வளைவு, பாலம், டிராக்டர், வரிசையா சொல்லணும்."

"சரி, எழுது. நீ பாத்ததுதானே."

நிறுத்தத்தை மாற்றுவதற்கு ஊர்க்காரர்களின் சம்மதமும் வேண்டியிருந்தது. அதற்கு நோட்டீஸ். ஆன்லின் வழக்கம்போலக் கட்டம் போட்டு, தலைப்புப் போட்டு, ஐம்பது சொல்லுக்குள் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினாள். "அழகா இருக்கு. எங்க தெருவுல யாரு படிப்பா?" என்றாள் இளவேனில். தமிழில் எழுதி ரேஷன் கடைக் கதவில் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு முப்பத்தாறு பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். பாலத்தருகே குடியிருக்கும் அஞ்சுகம் என்ற பெண் மட்டும் சண்டைக்கு நின்றார். ஸ்டாப்பிங் தள்ளிப் போனால் அவர் முந்நூறு அடி கூடுதலாக நடக்க வேண்டும். அஞ்சுகத்தின் சொந்தத் தம்பியே பாலத்தில் ஒரு தடவை லாரியில் உரசிக் கீழே விழுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தியதும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் ஓர் உறையில் வைத்து ஒட்டப் போகும்போது ஆன்லினுக்கு ஒரு யோசனை வந்தது.

"இதையும் படிச்சுட்டு அஞ்சு வரில முடிச்சுட்டாங்கன்னா? அவரே வந்து நின்னு பாக்கணும்."

"வாங்கன்னா வந்துடுவாங்களா?"

"முறையா கூப்பிடுவோம்."

நோட்டின் இரண்டாவது பகுதியைப் புரட்டினாள். அழைப்பிதழ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். பக்கத்தின் நடுவில் அமைந்த வரிகள், படர்க்கை நடை, கையெழுத்து கிடையாது. வாய்க்கால் பாலம் நிறுத்தத்தின் பதினோரு மாணவர்கள், போக்குவரத்து அதிகாரி அவர்கள் தங்களோடு எட்டு மணி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் மகிழ்ச்சியை அளிக்குமாறு அன்புடன் வேண்டுகிறார்கள். இடம்: பாலத்தின் கிழக்கு முனை. நேரம்: காலை ஏழே முக்கால். நாள்: விருந்தினரின் வசதிப்படி, பள்ளி வேலை நாளாக இருக்க வேண்டும்.

மங்கையர்க்கரசி மிஸ் முதலில் சிரித்தார். பின்பு மறுபடியும் படித்தார். "இதுல மரியாதைக் குறைவா ஒரு சொல்கூட இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ரிப்போர்ட்டைக் கடைசி வரை படித்தார். பள்ளி முத்திரையோடு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்தார்.

டிசம்பர் கடைசியில், விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, பதில் வந்தது. கைடு புத்தகத்தில் இருக்கும் அதே அமைப்பில். போக்குவரத்து அதிகாரி, மாணவர்களின் அன்பான அழைப்புக்கு நன்றி கூறி, ஜனவரி எட்டாம் தேதி கலந்துகொள்வதில் மகிழ்ச்சி அடைகிறார். மிஸ் அதை வகுப்பில் வாசித்தபோது இந்தத் தடவை ஆன்லின் தலையைக் குனியவில்லை. இளவேனிலைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி எட்டாம் தேதி அதிகாரி ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நடுத்தர வயது, கையில் மடித்த ரிப்போர்ட். பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். பனி இன்னும் வயல்மேல் இருந்தது. ஏழு ஐம்பத்து மூன்றுக்கு வளைவில் ஹாரன் கேட்டது. எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று பாலத்துக்காகக் காத்து நின்றது. ஜீப் கண்ணில் படாததால் கைலாசநாதனுக்கு அதிகாரி வந்திருப்பது தெரியாது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போனது. காற்று அதிகாரியின் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டியது.

அவர் சற்று நேரம் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த ஜீப் டிரைவரை விட்டு அகலத்தை அளக்கச் சொன்னார். பிறகு திரும்பினார்.

"இதை எழுதினது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும் சார்" என்றாள் ஆன்லின்.

"இதுக்கு முன்னாடி ஒரு கடிதம் வந்துச்சே. நூற்றுக்கணக்கான மாணவர்கள்னு."

"அது நான் மட்டும் எழுதினது சார்."

"இப்ப நான் எதை நம்பறது?"

"ரெண்டாவதை, சார். முதல் கடிதம் எழுதறப்ப நான் இந்த இடத்துக்கு வந்ததே இல்ல."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். இளவேனில் அட்டையை நீட்டினாள். "டிசம்பர்லயும் எழுதி வச்சிருக்கேன் சார். பதினாலு நாள். அஞ்சு நாள் நின்னுச்சு."

"நின்னதையும் எழுதியிருக்கியா?"

"ஆமா சார்."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. "எட்டரை பஸ் வர்ற வரைக்கும் நிப்பீங்களா? ஜீப்ல பாதிப் பேரு ஏறலாம்" என்றார். சின்னப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு ஆன்லினும் இளவேனிலும் எட்டரை பஸ்ஸில் வந்தார்கள்.

உத்தரவு வர மூன்று வாரமாயிற்று. ரேஷன் கடைச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் "பஸ் நிறுத்தம்" என்று எழுதினார்கள். கைலாசநாதனின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாக அவருக்குத் தனியாக ஒரு காகிதம் வந்தது. அதை அவர் ஆரோக்கியஜோசப்பிடம் கொண்டுவந்து காட்டினார். அப்பா வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார் அன்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமைகளில் பஸ் பிதுங்கி வழியும், பையன்கள் படியில் தொங்குவார்கள். அதைப் பற்றி இளவேனில் தனி அட்டை ஆரம்பித்திருந்தாள்.

பிப்ரவரி முதல் வாரம், ஆங்கில மாதிரித் தேர்வு. ஆன்லின் நேரத்தோடு கிளம்பி, எட்டே இருபதுக்கு வகுப்புக்குள் நுழைந்தாள். இளவேனில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது. வாயில் இட்லி.

"எத்தனை பேர் ஏறினீங்க?"

"பதினோரு பேரும். அஞ்சுகம் அத்தையும்." விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்குத்தான் முதல் சீட்."

மணி அடித்தது. மிஸ் வினாத்தாளை விநியோகித்தார். எழுத்துப் பகுதியில் ஒரு கட்டுரை, ஒரு நோட்டீஸ், வேலைக்கு ஒரு விண்ணப்பம். ஆன்லின் மூன்றையும் ஒரு தடவை படித்தாள். விண்ணப்பம் அதுவரை அவள் அதிகம் எழுதிப் பார்க்காத வகை. பேனா மூடியைத் திறந்து, அதிலிருந்தே ஆரம்பித்தாள்.